ஓரிடத்தில் கூட்டினால் ஓரிடத்தில் குறையும்: படங்களில் கான்ட்ராஸ்ட்டும் நிறமும்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் காலை பத்து மணி வாக்கில் ஒரு படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே நீலத் தார்ப்பாய். அதன் இடுக்கு வழியே தரையில் நீளமாக ஒரு வெயில் பட்டை. நிழலில் சாக்கு விரித்துக் குவித்த மல்லி, கூடையில் கனகாம்பரம், கட்டுக்கட்டாக வாழை இலை, வெயிலுக்குள் பாதி நீட்டிக்கொண்டிருக்கும் ரோஜாக் கூடை. நடுவே கறுத்த நிறத்தில் வியாபாரியின் முகம். நேரில் நின்றபோது கண்ணுக்கு எல்லாமே தெளிவாகத்தான் இருந்தது. படத்தில் பார்த்தால் மல்லி நீலம் பாரித்துக் கிடக்கிறது, முகத்தில் சாம்பல் பூசியதுபோல ஒரு மங்கல், ரோஜா இதழ் இதழாகத் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டு.

இந்த இடத்தில் பலருடைய விரல் முதலில் போவது கான்ட்ராஸ்ட் ஸ்லைடருக்கு, அடுத்தது நிற அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனுக்கு. இரண்டையும் வலப்பக்கம் இழுத்ததும் படம் பளிச்சென்று ஆன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால்தான் முகம் முன்பைவிட இருண்டிருப்பதும், ரோஜா இன்னும் அப்பிக்கொண்டிருப்பதும், நீலத் தார்ப்பாய் படத்தையே விழுங்கிக்கொண்டிருப்பதும் தெரியும். ஸ்லைடர் பிழை செய்யவில்லை. அது எங்கிருந்து எடுத்து எங்கே கொடுக்கிறது என்பதை நாம் பார்க்காமல் விட்டதுதான் பிழை.

கான்ட்ராஸ்ட் எங்கிருந்து வருகிறது

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 இருட்டு, 255 முழு வெளிச்சம். இந்த 256 படிகள்தான் மொத்தக் கையிருப்பு, இதற்கு மேல் ஒரு படியும் கிடையாது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுவது என்றால், அருகருகே இருக்கும் இரண்டு டோன்களுக்கு (வெளிச்ச அளவுகளுக்கு) இடையிலான தூரத்தை அகலமாக்குவது. ஓரிடத்தில் தூரத்தை அகலமாக்கினால், வேறெங்கோ அது குறுகித்தான் ஆகவேண்டும்.

ஒரு கோட்டை வளைத்து டோன்களை மாற்றும் கர்வ்ஸ் கருவியில் எல்லாரும் போடும் 'எஸ்' வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 64-இல் இருப்பதை 48-க்கு இறக்குகிறோம், 192-இல் இருப்பதை 208-க்கு ஏற்றுகிறோம். நடுப்பகுதியில் 128 படிகள் இருந்த இடம் இப்போது 160 படிகளாக விரிந்துவிட்டது. அதாவது 1.25 மடங்கு. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? நிழலில் 64 படிகள் இருந்த இடம் 48 ஆகிவிட்டது, வெளிச்சத்தில் 63 படிகள் 47 ஆகிவிட்டன. இரண்டு முனையிலும் கால் பங்கு போயிற்று. (கர்வ்ஸ் கோடு வளைந்து போவதால் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். கணக்கின் போக்கு இதுதான்.)

இப்போது பூச்சந்தை முகத்துக்கு வருவோம். பிக்சலின் எண்களைக் காட்டும் ஐட்ராப்பர் கருவியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பிக்சலை அளக்காமல், ஃபோட்டோஷாப்பில் சாம்பிள் அளவை 5-க்கு 5 சராசரி என்றும், இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்ப்பில் சாம்பிள் ஆவரேஜ் என்றும் மாற்றிக்கொண்டு அளந்தால் இரைச்சல் ஏமாற்றாது. நிழலில் இருக்கும் கறுத்த முகத்தின் டோன்கள் பெரும்பாலும் 40-க்கும் 110-க்கும் இடையில் இருக்கும். வழக்கமான எஸ் வளைவு சரியாக எந்த இடத்தைக் குறுக்குகிறதோ, அந்த இடத்தில்தான் முகத்தின் நிழல் பகுதி இருக்கிறது. கண்குழி, தாடை ஓரம், காதோரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அதனால்தான். வெள்ளைத் தோலின் டோன்கள் மேலே 160, 200 என்று இருப்பதால் அங்கே இதே வளைவு வேறு மாதிரி வேலை செய்யும். இணையத்தில் அள்ளிக் கொடுக்கப்படும் ப்ரீசெட்களை (ஆயத்தத் திருத்தங்களை) நம் வீட்டுப் படங்களில் போட்டால் முகம் கரிபிடித்துப் போவதற்குப் பாதிக் காரணம் இது. கலர் பிலிம் காலத்திலும் கதை இப்படித்தான்: நிறம் சரிபார்க்க கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான்.

ஆகவே எஸ் வளைவை விட்டுவிட்டு, செங்குத்தான பகுதியை முகம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். 40-ஐ 36 ஆக்குங்கள், 110-ஐ 124 ஆக்குங்கள். முகத்தின் 70 படிகள் 88 ஆகிவிட்டன, இங்கேயும் ஏறக்குறைய 1.25 மடங்குதான். விலை என்ன? அதற்குக் கீழே 40 படிகள் 36 ஆயின, மேலே 145 படிகள் 131 ஆயின. இரண்டு பக்கமும் பத்தில் ஒரு பங்குதான் நஷ்டம். கொடுக்கவேண்டிய இடம் சின்னது, எடுக்கும் இடம் பெரியது என்பதால் யாருக்கும் வலிக்காமல் முடிந்துவிட்டது. முகமும் கொஞ்சம் வெளிச்சப்பட்டது. தோலை வெளுக்காமல், அதன் மேடுபள்ளத்தை மட்டும் எடுத்துக்காட்டும் வழி இது. போனில் வரும் அழகு ஃபில்டர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: டோன்களை மேலே தூக்கி, அங்கேயே நசுக்கிவிடும்.

கர்வ்ஸுக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மேலும் ஒரே வளைவு விழுவதால் நிறமும் சேர்ந்தே அடர்த்தியாகும். 140, 95, 70 என்று இருக்கும் ஒரு தோல் நிறத்தை மேலே சொன்ன எஸ் வளைவில் போட்டால் 143, 87, 56 ஆகும். சிவப்புக்கும் நீலத்துக்கும் 70 இருந்த இடைவெளி 87 ஆகிவிட்டது. நீங்கள் சாச்சுரேஷனைத் தொடவே இல்லை, ஆனால் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. இதைத் தவிர்க்க ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயரின் (படத்தின் மேல் போடும் திருத்த அடுக்கின்) பிளெண்டிங் மோடை, வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லுமினாசிட்டி என்று மாற்றினால் போதும். கிம்ப்பில் படத்தின் நகல் லேயரில் வளைவைப் போட்டு, அந்த லேயரின் மோடை எல்சிஎச் லைட்னஸ் ஆக்கலாம். மங்கலான மழைக்காலப் படத்துக்கு மட்டும் இந்தக் கூடுதல் நிறம் நல்லதாகவே அமையும், அங்கே நார்மல் மோடிலேயே விடலாம்.

இரு முனைகளையும் பிடிப்பது

வளைவுக்கு முன்னால், கறுப்பு வெள்ளை முனைகளை நகர்த்தும் லெவல்ஸ் கருவி. ஹிஸ்டோகிராம் (எந்த டோனில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) 60-இல் தொடங்கி 190-இல் முடிந்தால் படம் புகைபிடித்த மாதிரி தெரியும். கறுப்பு முனையை 60-க்கும் வெள்ளை முனையை 190-க்கும் நகர்த்தினால் படம் முழு அகலத்துக்கு விரியும். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே முனையை நகர்த்தினால் எந்தப் பகுதி வெட்டுப்படுகிறது என்று திரையில் தெரியும். கிம்ப்பில் டிஸ்ப்ளே ஃபில்டர்ஸ் பகுதியில் கிளிப் வார்னிங் இருக்கிறது. எதை வெட்ட விடலாம் என்பதை மனிதர்தான் முடிவுசெய்யவேண்டும். எவர்சில்வர் தராசுத் தட்டில் வெயில் பட்டுத் தெறிக்கும் புள்ளி 255-ஐத் தொட்டால் குற்றமில்லை. மல்லி தொடக்கூடாது. தொட்டால் மொட்டுக்கு மொட்டு இடைவெளி போய், பஞ்சுக் குவியல் ஆகிவிடும். மல்லியில் மிக வெளிச்சமான மொட்டு 240, 245 அளவில் நின்றால் போதும்.

ஜேபெக்கில் இப்படி விரிக்கும்போது 131 படிகளைத்தான் 256 இடங்களில் பரப்புகிறோம். புதுப் படிகள் எங்கிருந்தும் வருவதில்லை, அதனால் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டுத் தெரியும். பூக்குவியலில் இது கண்ணுக்குப் படாது. வெறும் வானத்திலோ, பூசிய சுவரிலோ பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் 14 பிட் என்றால் 16,384 படிகள். அதனால்தான் பெரிய திருத்தம் வேண்டிய படத்துக்கு ரா எடுங்கள் என்கிறார்கள். ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால், கிம்ப் 2.10-இலோ அதற்குப் பிந்தைய பதிப்புகளிலோ ஃபோட்டோஷாப்பிலோ கோப்பை 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலை தொடங்குங்கள். இழந்தது திரும்பாது, ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் எண்ணை முழுமைப்படுத்துவதால் சேரும் புது நஷ்டம் நிற்கும்.

சின்ன இடங்களின் கான்ட்ராஸ்ட்டைத் தூக்க அன்ஷார்ப் மாஸ்க் கருவியையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். கூர்மைக்கு என்றால் ரேடியஸ் 1, அளவு 100 சதவீதம் என்று வைப்போம். இதற்கு ரேடியஸ் 50 பிக்சல், அளவு 15 முதல் 20 சதவீதம், திரெஷோல்ட் 0. கிம்ப்பில் அளவு என்பது 0.15, 0.20. இந்த ரேடியஸ் 4000-க்கு 3000 பிக்சல் படத்துக்கான கணக்கு. இணையத்துக்காக 1080 பிக்சலுக்குச் சுருக்கிய படத்தில் 15 போதும். கூடைப் பின்னலும் சாக்கின் இழையும் எழுந்து நிற்கும். அளவை 40, 50 என்று ஏற்றினால் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். வானத்தை ஒட்டிய கோபுரப் படங்களில் கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதே, அது தெய்வச் செயல் அல்ல.

தார்ப்பாயின் நீலம்

சொல்ல வசதியாக இருந்ததால் கான்ட்ராஸ்ட்டை முன்னால் வைத்தோம். வேலை செய்யும்போது நிறச் சமன்தான் முதலில். அது தவறாக இருந்தால் பின்னால் போடும் ஒவ்வொரு வளைவும் அந்தத் தவறை ஊதிப் பெரிதாக்கும்.

நம் படத்தில் சிக்கல், ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம். தரையின் பட்டை நேர் வெயில். மற்றதெல்லாம் தார்ப்பாய் வழியே வடிகட்டி வந்த நீலம். மல்லியை வெள்ளையாக்க முழுப் படத்துக்கும் டெம்பரேச்சரை (நீலம்-மஞ்சள் சமனை) ஏற்றினால் வெயில் பட்டை மஞ்சள் குளித்துவிடும். ஆகவே தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டும். அதற்கு, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் பிக்சலை எப்படிப் பார்க்கின்றன என்று தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஃபோட்டோஷாப்பின் செலக்டிவ் கலர் அச்சுத் தொழிலிலிருந்து வந்த கருவி. சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மெஜந்தா, வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்று ஒன்பது குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பிக்சல் எந்தக் குடும்பத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதற்குக் கணக்கு எளிது. அதன் மூன்று எண்களில் பெரியதிலிருந்து நடுவானதைக் கழித்தால், பெரியது எந்த நிறமோ அந்தக் குடும்பத்தின் பங்கு கிடைக்கும். நடுவானதிலிருந்து சிறியதைக் கழித்தால், சிறியது நீலமாக இருந்தால் மஞ்சளின் பங்கு, சிவப்பாக இருந்தால் சயானின் பங்கு, பச்சையாக இருந்தால் மெஜந்தாவின் பங்கு. மூன்று எண்களும் 128-ஐத் தாண்டினால் வெள்ளைக் குடும்பத்திலும் இடம் உண்டு: சிறிய எண்ணிலிருந்து 128-ஐக் கழித்து இரண்டால் பெருக்க வேண்டும்.

வெயில் பட்ட வாழை இலை 150, 170, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையின் பங்கு 170-இல் 150 போக வெறும் 20. மஞ்சளின் பங்கு 150-இல் 50 போக 100. இலையைத் திருத்தப் பச்சை ஸ்லைடரை முழுசாக இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு விடை இதுதான். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும், கணக்கில் இலையும் வயலும் தென்னங்கீற்றும் மஞ்சள் வீட்டுப் பிள்ளைகள். மஞ்சள் குடும்பத்தில் சயானைக் கூட்டினால் இலை குளிரும், குறைத்தால் பழுக்கும்.

நிழல் மல்லியின் எண்கள் 170, 190, 225. நீலத்தின் பங்கு 35, சயானின் பங்கு 20. வெள்ளையின் பங்கு 84. தார்ப்பாயோ 30, 90, 190. நீலம் 100, சயான் 60, வெள்ளை பூஜ்யம். எனவே வெள்ளைக் குடும்பத்துக்குப் போய் சயானைக் குறைத்து மஞ்சளைக் கூட்டினால் மல்லி தெளியும், தார்ப்பாய் அசையாது. ஆனால் வெயில் பட்டைக்கு வெள்ளையின் பங்கு இன்னும் அதிகம், 200-ஐத் தாண்டும். அதுதான் முதலில் மஞ்சளாகும். அதனால் லேயர் மாஸ்க்கில் வெயில் பட்டையின் மேல் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்து, இந்தத் திருத்தம் அங்கே போகாமல் அடைக்க வேண்டும். மல்லியில் மொட்டின் காம்புப் பக்கம் இயல்பாகவே வெளிர்பச்சை இருக்கும். அதையும் சேர்த்து வெள்ளையடித்தால் பிளாஸ்டிக் பூவாகிவிடும். கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள்.

ரிலேட்டிவ், அப்சொல்யூட் என்று கீழே இரண்டு தேர்வுகள் இருக்கும். 50 சதவீதம் மெஜந்தா உள்ள இடத்தில் 10 கூட்டினால், ரிலேட்டிவில் 55 ஆகும், அப்சொல்யூட்டில் 60 ஆகும். ரிலேட்டிவ் உள்ளதில் பங்கு சேர்ப்பதால், மையே இல்லாத சுத்த வெள்ளையை அதனால் தொட முடியாது. முகத்துக்கும் துணிக்கும் ரிலேட்டிவ் பாதுகாப்பு.

முகம்தான் ஏமாற்றும் இடம். நீல வெளிச்சம் பழுப்புத் தோலில் விழுந்தால் தோல் நீலமாவதில்லை, நிறமிழந்து சாம்பலாகிறது. அளந்தால் 105, 88, 92 என்கிற மாதிரி வரும். இதில் நீலத்தின் பங்கு பூஜ்யம், சயானும் பூஜ்யம். சிவப்பு 13, மெஜந்தா 4. நீல ஸ்லைடரை எவ்வளவு குறைத்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இராது, ஏனென்றால் கருவி பார்ப்பது விளைந்த நிறத்தை, விழுந்த வெளிச்சத்தை அல்ல. இங்கே நிறக்கருவியை விட்டுவிட்டு மாஸ்க்கில் டெம்பரேச்சரை ஏற்றுவதுதான் வழி. லைட்ரூமில் பிரஷ் மாஸ்க், ஸ்னாப்சீடில் பிரஷ் கருவியில் டெம்பரேச்சர். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்கள் படியிறங்கி வர வேண்டும். 118, 90, 74 என்கிற மாதிரி வந்தால் தோலுக்கு உயிர் வந்துவிட்டது. பச்சையைவிட நீலம் மேலே நிற்கும்வரை எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் நோயாளி முகம்தான்.

கிம்ப்பில் செலக்டிவ் கலர் கருவி நேரடியாகக் கிடையாது. கலர்ஸ் மெனுவில் இருக்கும் ஹ்யூ-சாச்சுரேஷனில் ஆறு நிறங்களைத் தனித்தனியே தொடலாம். அதிலுள்ள ஓவர்லேப் ஸ்லைடரைப் பலர் கவனிப்பதே இல்லை. அது பூஜ்யத்தில் இருந்தால் கனகாம்பரத்தின் ஆரஞ்சு, சிவப்பு எல்லையில் ஒருபாதி மாறி மறுபாதி மாறாமல் திட்டுத்திட்டாக நிற்கும். 50 பக்கம் வைத்தால் எல்லை கரையும்.

சிவப்பு ஏன் அப்பிக்கொள்கிறது

ரோஜா, அரக்கு நிறப் பட்டு, குங்குமம், செம்பருத்தி. நம் படங்களில் அதிகம் பாழாகும் நிறம் சிவப்புதான். வெயில் பட்ட ரோஜாவில் சிவப்பு எண் 255-ஐத் தொட்டு நின்றுவிடும். பச்சை 25-க்கும் 60-க்கும் இடையில் ஏறி இறங்கும். அதாவது இதழ்களின் மடிப்பு முழுக்கப் பச்சைச் சேனலில் (பச்சை எண்களின் அடுக்கில்) பத்திரமாக இருக்கிறது, சிவப்புச் சேனல் வெறும் சமவெளி. கேமராவின் ஒற்றை ஹிஸ்டோகிராம் இதைச் சொல்லாது. வெளிச்சக் கணக்கில் சிவப்புக்கு 0.299 பங்கு, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. சிவப்பு முழுதாக நிரம்பி வழிந்தாலும் அந்த ரோஜா ஹிஸ்டோகிராமில் 100 பக்கம் சாதுவாக நின்றுகொண்டிருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் அமைப்பை கேமராவில் போட்டுவைத்தால் எடுக்கும்போதே தெரிந்துவிடும், வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுக்கலாம்.

எடுத்தாகிவிட்டது என்றால் பச்சைச் சேனலிலிருந்து மடிப்பைக் கடன் வாங்க வேண்டும். சேனல்ஸ் பலகையில் பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புது லேயராக ஒட்டுங்கள். கறுப்பு வெள்ளையில் ரோஜா மிக இருட்டாக, ஆனால் இதழ் இதழாகத் தெரியும். அந்த லேயரில் கர்வ்ஸ் போட்டு 25-ஐ 70-க்கும் 60-ஐ 110-க்கும் தூக்குங்கள். லேயர் மோடு லுமினாசிட்டி. கறுப்பு மாஸ்க் போட்டு ரோஜாவின் மேல் மட்டும் வெள்ளை பிரஷ். ஓபாசிட்டி 50, 60 சதவீதம். சிவப்பு சிவப்பாகவே இருக்க, மடிப்பு திரும்பி வரும். இதே வழி அரக்குப் பட்டின் கொசுவத்துக்கும் பொருந்தும். திருமண ஆல்பம் செய்பவர்கள் சாச்சுரேஷனை 15 குறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது திட்டை வெளிர் திட்டாக்குமே தவிர மடிப்பைக் கொடுக்காது.

நிறத்திலும் கணக்கு அதேதான். ஜவுளிக்கடையில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று எடுத்துப் போடுவார்களே, அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, அங்கே இரண்டு நூலின் சாயத்தையும் யாரும் கூட்டவில்லை. பக்கத்தில் இருப்பது தூக்கிக் காட்டுகிறது. பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரெல், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டுகின்றன என்று கண்டார். அந்த ஆய்வு 1839-இல் நூலாக வந்தது. படத்திருத்தத்தில் இதன் பயன் நேரடியானது: கனகாம்பரம் எடுப்பாக வேண்டுமென்றால் ஆரஞ்சைத் தொடவேண்டாம், நீலத் தார்ப்பாயின் சாச்சுரேஷனை 30, 35 குறைத்து, லுமினன்ஸைப் பத்து இறக்குங்கள். கனகாம்பரத்தையே கூட்டப் போனால் முகமும் சேர்ந்து சிவக்கும், ஏனென்றால் இரண்டும் சிவப்பு-மஞ்சள் குடும்பம்தான். நீலத்தை முழுசாக எடுத்துவிடவும் கூடாது. கொஞ்சம் நீலம் பக்கத்தில் இருப்பதால்தான் ஆரஞ்சு ஆரஞ்சாக நிற்கிறது.

ஒரு நிறம் மட்டும்

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகி, மணப்பெண்ணின் புடவையோ கையிலுள்ள ரோஜாவோ மட்டும் நிறத்தில் நிற்கும் உத்தியும் தேர்ந்தெடுத்த நிறம்தான். அடித்துத் துவைக்கப்பட்ட உத்தி என்பதே எங்கள் அபிப்பிராயம். இருந்தாலும் கேட்கிறவர்கள் குறையவில்லை என்பதால் செய்முறை: லேயரை நகலெடுத்து, மேல் லேயரை நிறமகற்றி, வெள்ளை மாஸ்க் சேர்த்து, நிறம் வேண்டிய இடத்தில் கறுப்பு பிரஷ். அழிப்பானால் அழிக்காதீர்கள், திரும்ப வராது. மாஸ்க் என்றால் எக்ஸ் விசையைத் தட்டி வெள்ளைக்கு மாறித் தவறைப் பூசிவிடலாம்.

கெடுவது இரண்டு இடத்தில். சிவப்புப் புடவை மோவாய்க்குக் கீழேயும் முழங்கையிலும் சிவப்பைப் பிரதிபலித்திருக்கும். அதைத் துடைத்தெடுத்து, புடவையை மட்டும் கத்தரித்தது போல விட்டால், வெட்டி ஒட்டிய பொம்மை மாதிரி இருக்கும். அந்தப் பிரதிபலிப்பில் மாஸ்க்கை 30 சதவீத பிரஷ்ஷால் லேசாகத் திறந்துவிடுங்கள். இரண்டாவது, ஜேபெக்கின் குணம். போன் படங்கள் பலவற்றிலும் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் சேமிக்கப்படும், நிறமோ 2-க்கு 2 என்ற நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் சிவப்பின் ஓரத்தில் மாஸ்க் வெட்டும்போது படிக்கட்டு மாதிரி பிசிறு தெரியும், சாம்பல் பின்னணியில் சிவப்பு கசிந்திருக்கும். மாஸ்க்கை 1, 2 பிக்சல் மங்கலாக்கி, ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் அடங்கும். வாட்ஸாப்பில் சாதாரணமாக வந்த படத்தில் இதை முயலவே வேண்டாம், அனுப்பியவரிடம் டாக்குமெண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கறுப்பு வெள்ளையாக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நிழலில் இருக்கும் ரோஜா 200, 30, 40. அதன் அடியில் இலை 60, 100, 40. மேலே சொன்ன பங்குகளில் பெருக்கிக் கூட்டினால் ரோஜா 82, இலை 81. எவ்வளவு பளிச்சென்ற சிவப்பும் பச்சையும்! சாம்பலில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கிம்ப்பில் மோனோ மிக்ஸர், ஃபோட்டோஷாப்பில் சேனல் மிக்ஸரின் மோனோக்ரோம் தேர்வு இதற்குத்தான். சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10 சதவீதம் என்று வைத்தால் ரோஜா 133, இலை 70. சிவப்பு 10, பச்சை 80, நீலம் 10 என்றால் ரோஜா 48, இலை 90. முதல் கலவையில் தோலும் வெளுக்கும், இரண்டாவதில் கறுத்து முகச்சுருக்கம் எழும். வயதான முகங்களுக்கு இரண்டாவதன் பக்கம் கொஞ்சம் சாய்வது நல்லது, மணமக்களுக்கு அல்ல.

செய்திப் படத்தில் இதில் எதையும் தாராளமாகச் செய்ய முடியாது. 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் போலீஸ் எடுத்த படத்தை இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தைத் திருத்தாமல் அட்டையில் போட்டதால், கடையில் இரண்டும் அருகருகே தொங்கின. முக்கியமாக மாறியிருந்தது முகத்தின் டோன்தான். கறுப்பின மனிதரைப் பயங்கரமாகக் காட்டுவதாக எழுந்த கண்டனத்துக்கு இதழ் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

திரையில் சரி, தாளில்?

வேலை செய்யும் திரையில் இரவு மோடு, வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறும் அமைப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். பிரகாசத்தை முழுசாக வைத்துக்கொண்டு திருத்தினால் அச்சில் படம் இருட்டிவிடும். மானிட்டரில் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்பது அச்சு வேலைக்கு வழக்கமான அளவு. அளக்கக் கருவி இல்லையென்றால், திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டும் ஒத்துப்போகும் வரை பிரகாசத்தைக் குறைக்கலாம். அரைமணி நேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் அதற்குப் பழகி, மேலும் மேலும் கூட்டச் சொல்லும். டீ குடித்துவிட்டு வந்து, திருத்த லேயர்களை ஒரு குரூப்பில் போட்டு, அதன் ஓபாசிட்டியை 70-க்கு இறக்கிப் பாருங்கள். பத்துக்கு ஏழு தடவை அதுவே போதுமானதாக இருக்கும்.

லேபுக்கு அனுப்பும் முன் படத்திலிருந்து மூன்று துண்டுகள் வெட்டி, ஒரே 4-க்கு 6 தாளில் அடுக்கி அச்சிட்டு வாங்குங்கள்: முகம், மல்லி, ரோஜா. குழல்விளக்கின் கீழ் பார்க்காமல் வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். முகத்தின் நிழல் பக்கம் திரையில் தெரிந்ததைவிட அடைந்திருந்தால் கர்வ்ஸில் 40-ஐ 36 ஆக்கியதை மீண்டும் 40-க்கே விட்டுவிடுங்கள். மல்லியின் மேல்வரிசை மொட்டுகள் தாளின் வெள்ளையோடு கலந்திருந்தால் மிக வெளிச்சமான மொட்டின் டோனை இன்னும் ஐந்து படி இறக்கி, அந்தத் துண்டை மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும்.